பாத்ரூம் படலம்: டைல்ஸா, பேனலா?

ஆச்சு, ஒருவழியா பாத்ரூம் வேலை முடிஞ்சது. மொத்தம் 22 நாள். இந்த 22 நாளில் நானும் தங்கமணியும் எத்தனை தடவை சண்டை போட்டோம்னு எழுதி வெச்சிருந்தா அதுக்கே தனி லெட்ஜர் போட்டிருக்கணும். அகமதாபாத் வந்து 11 வருஷம் ஆச்சு. இந்த வீட்டை வாங்கும்போதுகூட இவ்வளவு யோசிக்கலை. ஏழுக்கு அஞ்சு அடி பாத்ரூம் சுவருக்கு என்ன ஒட்டறதுன்னு முடிவு பண்றதுக்குள்ளே முழி பிதுங்கிப் போச்சு.

வெளியூர்ல ஒரு ஃப்ளாட்டை வாங்கிப் போட்டுட்டு, ஊர்ல இருக்கிற வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கணும்னு நினைக்கிறவங்க நம்மில் நிறையப் பேர். அவங்களுக்கு உபயோகப்படும்னுதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன். நான் பி.காம். படிச்ச ஆளு, இஞ்சினியர் இல்லை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், அவ்வளவுதான்.

ஆரம்பம் கோவில்பட்டியில். போன பிப்ரவரியில் அம்மா பின்கட்டில் குளிச்சிட்டு எழுந்திருக்கும்போது கால் வழுக்கி, கையை ஊணப்போய் வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. வயசு 74. எனக்கு விஷயம் தெரிஞ்சதே அடுத்த நாள்தான், அதுவும் பக்கத்து வீட்டு அத்தை போன் பண்ணிச் சொல்லி. அம்மாகிட்ட கேட்டா, "ஒண்ணுமில்லய்யா, சுளுக்குதான்"ங்கிறாங்க. மாவுக்கட்டு போட்டிருக்கிற சுளுக்கு!

கட்டு பிரிச்சதும் இங்கே வந்து இருங்கன்னு நானும் தங்கமணியும் மாத்தி மாத்திச் சொல்லி, கடைசியில் "ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்"னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு மாசம்ங்கிறதை அவங்களும் நம்பலை, நானும் நம்பலை. ஆனா ரெண்டு பேரும் அப்படியே பேசிக்கிட்டோம்.

வர்றதுக்கு முன்னாடி பாத்ரூமில் கைப்பிடி போட்டுடணும்னு முடிவு. கமோட் பக்கத்துல ஒண்ணு, குளிக்கிற இடத்துல ஒண்ணு. அரை நாள் வேலைதானேன்னு ஒரு பையனைக் கூப்பிட்டேன். அவன் டிரில்லை வெச்சு ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, கைப்பிடியை மாட்டிட்டு, "இழுத்துப் பாருங்க சார்"னான். இழுத்தேன். கைப்பிடி மட்டும் வரலை. சுவரே கூட வந்தது!

சுவர்னா சுவர் இல்லை. அதுமேல ஒட்டியிருந்த பிவிசி பேனல்.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். நாலு வருஷம் முன்னாடி அந்த பாத்ரூமை ஒட்டின பெட்ரூம் சுவர்ல ஓதம் காத்து, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருந்தது. அதே சமயத்துல கீழ்வீட்டு மாசியும் ஒரு நாள் வந்து, எங்க வீட்டு சீலிங்ல 'பேஜ்' தெரியுதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஈரக்கசிவுக்கு குஜராத்தியில் பேஜ்னு பேரு. மார்ச் மாசம் வேற. பேங்க்காரனுக்கு மார்ச் மாசம் பத்தித் தனியா சொல்ல வேணாம். ஒரு ஆளை விட்டு டைல்ஸ் இடுக்குல எல்லாம் ஒயிட் சிமெண்ட் அடைக்கச் சொன்னேன். பழைய டைல்ஸ் அசிங்கமா இருக்குன்னு அதுமேலேயே வெள்ளையில் சாம்பல் கோடு ஓடற பேனல் ஒட்டினோம். ரெண்டே நாள். மார்பிள் மாதிரி பளபளன்னு இருந்தது. பெட்ரூம் சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சாச்சு. பிரச்னை தீர்ந்ததுன்னு நினைச்சேன். மாசியும் அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை.

இப்போ அந்த பேனல் பிய்ஞ்சு வந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது பாருங்க. மழைக்காலத்துல பூட்டி வெச்ச பழைய வீட்டைத் திறந்தா வருமே, அது. பேனலோட முதுகு பூரா கறுப்பா பூஞ்சை. பின்னாடி பழைய டைல்ஸ் பாதிக்கு மேல் சுவரை விட்டு விலகி நிக்குது. தட்டினா டொக்கு டொக்குன்னு பொந்துச் சத்தம். ஒரு டைல்ஸைப் பெயர்த்தா பூச்சுக் கலவை ஈர மண்ணு மாதிரி கையோட வருது.

அன்னிக்குச் சாயந்திரமே கீழே போனேன். மாசி ரிட்டயர்டு டீச்சர், தனியா இருக்காங்க. பாத்ரூம் சீலிங்கில் கம்பி தெரியற அளவுக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. பரண் மேல வெச்சிருந்த குளிர்கால ரஜாய் எல்லாம் ஈரத்துல கெட்டுப்போய் போன வருஷமே தூக்கிப் போட்டுட்டாங்களாம். "ஏன் மாசி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"ன்னு கேட்டேன். "ஒரு தடவை சொன்னேனே பாய். நீங்களும் ரிப்பேர் பண்ணினீங்க. வெளியூர்க்காரங்க, சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு ஓடிக்கிட்டிருக்கீங்க. திரும்பத் திரும்ப வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"னாங்க.

எனக்கு முகத்தை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியலை.

பேங்க்ல ஒரு வார்த்தை உண்டு, எவர்கிரீனிங்னு. வட்டி கட்ட முடியாத பார்ட்டிக்குப் புதுக் கடன் ஒண்ணைக் கொடுத்து, அந்தப் பணத்துலேயே பழைய பாக்கியைக் கட்டின மாதிரி காட்டறது. கணக்கு பார்க்கச் சுத்தமா இருக்கும், உள்ளே அழுகிக்கிட்டிருக்கும். ஆபீஸில் இதைப் பண்ணினா என் வேலை போயிடும். வீட்டில் நாலு வருஷமா பண்ணிட்டு இருந்திருக்கேன்.

சரி, இனி என்ன பண்றது? இங்கேதான் டைல்ஸா பேனலாங்கிற கேள்வி வந்தது. நடந்ததைப் படிச்சுட்டு, பேனல்னாலே மோசம்னு நான் சொல்லப் போறேன்னு நினைச்சா, அது இல்லை. தங்கமணி மறுபடியும் பேனல்தான் வேணும்னு சொன்னாங்க. அவங்க சொன்ன காரணத்துல நியாயம் இருந்தது.

"டைல்ஸ் இடுக்குல உப்பு படியறதை யாரு தேய்க்கறது? நீங்களா?"

எங்க சொசைட்டியில் போர்வெல் தண்ணியும் கலந்து வரும். கடும் உப்பு. ஒரு வாரம் விட்டா குழாய், சுவர் எல்லாம் வெள்ளை பூத்துடும். அதைப் போக்க ஆசிட் ஊத்தித் தேய்ச்சா டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்ட்டையும் அது அரிச்சிடும். அரிச்ச இடத்துல தண்ணி இறங்கும். பேனல்ல அத்தனை இடுக்கு கிடையாது, துணியால் ஒரு இழுப்பு இழுத்தா போதும். தவிர பேனல்னா ரெண்டு மூணு நாள். டைல்ஸ்னா மூணு வாரம் தூசி, சத்தம், மிச்சம் இருக்கிற ஒரே பாத்ரூமுக்கு காலையில் க்யூ. இதெல்லாம் அவங்க பக்கம்.

என் பக்கம் என்ன இருந்ததுன்னா, சந்தேகம் மட்டும்தான். அதனால ரெண்டு ஞாயித்துக்கிழமை கடை கடையா ஏறி இறங்கி, ஒரு வயசான கடியாவையும் பிடிச்சேன். கடியான்னா நம்ம ஊர்க் கொத்தனார். ராஜஸ்தான்காரர், 35 வருஷமா இதே தொழில். எல்லாரும் காகான்னு கூப்பிடுவாங்க. நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்த ரெண்டு வாரத்துல நான் தெரிஞ்சுக்கிட்டது இதுதான்.

முதல்ல பேனல். கடையில் பேனல்னு கேட்டா ஒரே பொருளைக் காட்ட மாட்டாங்க. பத்து அங்குல அகலத்துல பலகை பலகையா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகற மாதிரி வரும், உள்ளே கூடா இருக்கும். அதுதான் எங்க வீட்ல இருந்தது. இன்னொண்ணு எட்டுக்கு நாலு அடி ஷீட்டா, மார்பிள் மாதிரி பளபளன்னு, மூணு மில்லிமீட்டர் கனத்துல. அதுக்கு மேலே காம்பேக்ட் லேமினேட்னு கெட்டியா, விலை கூடுதலா ஒண்ணு. மூணுமே தண்ணியில் ஊறாது, சரிதான். ஆனா தண்ணி போறது பலகை வழியா இல்லை, ஓரம் வழியா. மூலையிலும், குழாய் வெளியே வர்ற ஓட்டையிலும், கீழே தரையைத் தொடற இடத்திலும் சிலிகான் பூசித்தான் அடைக்கிறாங்க. சிலிகான் சில வருஷத்துல விட்டுக்கொடுத்துடும். அப்பப்போ சுரண்டி எடுத்துட்டு மறுபடி பூசணும். எங்க வீட்ல நாலு வருஷமா யாரும் அதைத் தொடலை. பூசணும்னே எனக்குத் தெரியாது.

அடுத்தது நம்ம குளியல். வெளிநாட்டுல பேனல் நல்லா ஓடுதுன்னு கடைக்காரர் சொன்னார். இருக்கலாம். அங்கே கண்ணாடி அடைப்புக்குள்ள நின்னுக்கிட்டு ஷவர்ல குளிப்பாங்க, மிச்ச பாத்ரூம் காய்ஞ்சு கிடக்கும். நாம அப்படியா? பக்கெட்டும் மக்கும். அம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் குளிப்பாங்க. தண்ணி எல்லாம் சுவரோட கீழ் மூணு அடியிலும் தரையிலும்தான் விழும். பேனலோட பலவீனமான இடம் அந்தக் கீழ் ஓரம்தான். தினமும் நாலு பேர் அங்கேயே தண்ணியைச் சாத்தினா சிலிகான் எத்தனை நாள் தாங்கும்?

இப்போ டைல்ஸ். டைல்ஸ்னா தண்ணி போகாதுன்னு நான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன். ரொம்பத் தப்பு. ஒரு வேலை பண்ணிப் பாருங்க. கடையில் சுவருக்குன்னு விக்கிற சாதா செராமிக் டைல்ஸைத் திருப்பி, முதுகுல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. மண்பானை மாதிரி உறிஞ்சிடும். விட்ரிஃபைடு டைல்ஸ் முதுகுல விட்டா அப்படியே முத்து மாதிரி நிக்கும். சுவர் செராமிக் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல தண்ணி குடிக்கும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட குடிக்காது. செராமிக்ல முன்பக்கம் இருக்கிற பளபளப்புப் பூச்சுதான் தண்ணியைத் தடுக்குது. இடுக்கு வழியா உள்ளே போயிட்டா முதுகு உறிஞ்சிக்கும்.

சரி, விட்ரிஃபைடையே எல்லாச் சுவருக்கும் ஒட்டிடலாமேன்னா, உறிஞ்சாத முதுகுல வெறும் சிமெண்ட் கலவை சரியா பிடிக்காது. அதுக்குன்னு இருக்கிற ஒட்டுப் பசையைப் போட்டுத்தான் ஒட்டணும். ஒட்டறதுலயும் விஷயம் இருக்கு. நிறைய இடத்துல டைல்ஸ் முதுகுல அங்கங்கே கலவை உருண்டையை வெச்சு அமுக்கிடறாங்க. நடுவுல பொந்து. தண்ணி அங்கே போய் தேங்கும். பல்லுக்கரண்டியால பசையை முழுசா இழுத்துவிட்டு ஒட்டினா பொந்து இருக்காது. ஒட்டி முடிச்சு நல்லா இறுகினதும் ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாருங்க. சத்தமே சொல்லிடும்.

மோர்பி நம்ம அகமதாபாத்துலேர்ந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம். நாட்டோட டைல்ஸ்ல பெரும்பகுதி அங்கேதான் தயாராகுது. 1979-ல் மச்சு அணை உடைஞ்சு ஊரே அடிச்சுக்கிட்டுப் போய், அதுலேர்ந்து எழுந்து நின்ன ஊர். சில வருஷம் முன்னாடி ஒரு கடன் விஷயமா ஒரு ஃபேக்டரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்கேன். உருளைங்க மேல டைல்ஸ் வரிசையா நகர்ந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல கொதிக்கிற சூளைக்குள்ள போய் மறுபக்கம் வெளியே வரும். ஸ்டாக் எவ்வளவு, கேஸ் பில் எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னு குறிச்சுக்கிட்டு வந்தேனே தவிர, இது எந்தச் சுவருக்கு, இது எந்தத் தரைக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லை :-)

அப்புறம் காகாகிட்ட நேரடியா கேட்டேன். டைல்ஸும் தண்ணி விடும், பேனலும் தண்ணி விடும்னா, எதைத்தான் போடறது? சிரிச்சார். "சாஹிப், ரெண்டும் சட்டை. மழையில் நனையாம இருக்கணும்னா சட்டைக்குள்ள என்ன போட்டிருக்கீங்கன்னு பாருங்க"ன்னார். அதாவது பழைய பூச்சைச் செங்கல் தெரியற வரைக்கும் கொத்தி எடுத்து, புதுசா பூசி, அதுமேல வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு ரெண்டு கோட் அடிக்கணும். முதல் கோட் நெட்டுக்கு, ரெண்டாவது கோட் குறுக்குக்கு. குளிக்கிற பக்கம் ஆறடி உயரம் வரைக்கும், மத்தச் சுவர்ல ஒரு அடி, தரை முழுக்க. அதுக்கு மேல நீ டைல்ஸ் ஒட்டு, பேனல் ஒட்டு, உன் இஷ்டம்.

அங்கேதான் எனக்குக் கணக்குப் புரிஞ்சது. பேனல்காரர் மொத்தம் 19,500-ன்னார். காகா டைல்ஸுக்கு மொத்தம் 60,000 கிட்டே ஆகும்னார். மூணு மடங்கு! ஆனா ரெண்டையும் பிரிச்சு எழுதிப் பார்த்தேன். சுவர் 150 சதுர அடி, தரை 35.

ரெண்டுக்கும் பொதுவான செலவு: உடைச்சுக் கழிவை வெளியேத்த 8,000. பழைய குழாயை மாத்த 10,000. புதுப் பூச்சு 6,000. வாட்டர்ப்ரூஃபிங் 9,000. தரை டைல்ஸ் கூலியோட 3,850. ஆக 36,850.

சுவருக்கு மட்டும் ஆகிற செலவு: டைல்ஸ், கூலி, பசை, இடுக்குக்கு எபாக்சி, உடைசல் எல்லாம் சேர்த்து 23,000. பேனல்னா 19,500.

வித்தியாசம் வெறும் 3,500 ரூபாய். பேனல் மலிவா தெரிஞ்சதுக்குக் காரணம் பேனல் இல்லை. பின்னாடி செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம விட்டதுதான் அந்த மலிவு. இந்த விலையெல்லாம் எங்க ஏரியாவில் எனக்குச் சொன்னது. உங்க ஊர்ல கூடும் குறையும். ஆனா இப்படிப் பிரிச்சு எழுதிப் பாருங்க, அவ்வளவுதான் நான் சொல்றது.

தங்கமணி அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "எபாக்சின்னா தேய்க்க வேணாமா?"ன்னாங்க. எபாக்சி தண்ணியை உறிஞ்சாது, உப்பும் சீக்கிரம் பிடிக்காது. சிமெண்ட்டை விட விலை ஜாஸ்தி. பூசின கையோட துடைக்கலைன்னா டைல்ஸ் மேலயே கல்லா இறுகிடும். அதனால கைவந்த ஆளா பார்த்துக் கொடுக்கணும். "வெள்ளையும் வேணாம், கறுப்பும் வேணாம், உப்பு தெரியாத கலரா எடுங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அதான் சம்மதம். மண் கலர்ல எடுத்தோம்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. கைப்பிடி. இதுக்காகத்தானே எல்லாமே ஆரம்பிச்சது! கூடான பேனல்ல ஸ்க்ரூ பிடிக்காது; பிடிச்ச மாதிரி இருக்கும், ஆள் தொங்கினா பிய்ஞ்சு வந்துடும். கைப்பிடியே இல்லாம இருக்கிறதை விட அது ஆபத்து. நம்பிப் பிடிப்பாங்க இல்லையா? பேனல்தான் வேணும்னா கைப்பிடி வர்ற இடத்துல பின்னாடி கெட்டியான பலகை கொடுத்தோ, செங்கல் வரைக்கும் நீளமான ஆங்கர் போல்ட் போட்டோதான் பிடிக்கணும். நாங்க எங்கே கைப்பிடி வரும்னு முதல்லயே சுவர்ல குறிச்சு, அந்த இடத்துல பூச்சை நல்லா கெட்டியா போட்டு, டைல்ஸ் ஒட்டின பிறகு செங்கல் வரைக்கும் ஓட்டை போட்டு ஆங்கர் இறக்கினோம். ஓட்டைக்குள்ள தண்ணி போகாம சிலிகான் வெச்சு அடைச்சாச்சு. உயரம்? என் உயரத்துக்கு வைக்க இருந்தார் காகா. அம்மா அஞ்சடிக்கும் கம்மி. வீடியோ கால்ல அம்மாவை முக்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி, கை எங்கே போகுதுன்னு பக்கத்து வீட்டு அத்தையை டேப் வெச்சு அளக்கச் சொன்னோம். "இது என்னய்யா கூத்து"ன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

வேலை நடக்கும்போது காகா ஒரு நாள் டீ குடிச்சுக்கிட்டே, "கேட்லா வரஸ் ரஹேவானா சோ?"ன்னு கேட்டார். எத்தனை வருஷம் இங்கே இருக்கப் போறீங்கன்னு. நாலஞ்சு வருஷம்னா இவ்வளவு பண்ண வேணாம், வாடகைக்கு விடற வீடுன்னா பேனலே போதும்னு அவர் சாதாரணமாத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரலை. 11 வருஷமா யார் கேட்டாலும், அடுத்த ட்ரான்ஸ்ஃபர்ல மதுரைப் பக்கம் போயிடுவோம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாலு வருஷம் முன்னாடி பேனல் ஒட்டினதுக்கும் மார்ச் மாசம் மட்டுமே காரணம் இல்லைன்னு அப்போதான் தோணிச்சு. போகப்போற வீட்டுக்கு எதுக்கு இவ்வளவுன்னு ஒரு நினைப்பு. போகப்போறேன் போகப்போறேன்னு சொல்லிக்கிட்டே கீழ்வீட்டுக்காரங்க தலையில் நாலு வருஷமா தண்ணியைக் கொட்டியிருக்கேன்.

"இருப்போம் காகா"ன்னேன். தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாங்க.

இனிமேதான் முக்கியமான கட்டம். வாட்டர்ப்ரூஃபிங் காய்ஞ்சதும், டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, தரையில் தண்ணி போற வழியை அடைச்சு, ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி நிறுத்தணும். குறைஞ்சது 24 மணி நேரம். சுவர்ல பென்சிலால ஒரு கோடு. இதைப் பண்ண நிறையப் பேர் சோம்பல்படுவாங்க. நீங்க விடாதீங்க. மறுநாள் காலையில் கோட்டுக்குக் கீழே விரல்கடை தண்ணி இறங்கியிருந்தது. கீழே போய்ப் பார்த்தா மாசி வீட்டு சீலிங்கில் புதுசா ஒரு சொட்டு.

காகா முகம் மாறிப்போச்சு. தண்ணியை எடுத்துட்டு நஹானி ட்ராப்பைச் சுத்திக் கொத்தினார். நஹானி ட்ராப்னா தரைத்தண்ணி போறதுக்குப் பதிச்சிருக்கிற அந்தக் கிண்ணம். அது காங்கிரீட்டைத் தொடற இடத்துல சுத்தி விரிசல், குழாயோட சேர்ற மூட்டும் விட்டிருந்தது. வீடு கட்டின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்னார். பெட்ரூம் சுவர் ஓதத்துக்கு டைல்ஸ் இடுக்கு காரணமா இருக்கலாம். மாசி வீட்டுல சொட்டினது பூரா இந்த ஒரு சாண் வட்டத்துலேர்ந்துதான். நான் அடைச்ச ஒயிட் சிமெண்ட்டுக்கும், ஒட்டின பேனலுக்கும், இப்போ ரெண்டு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்ட டைல்ஸுக்கும் இதுல சம்பந்தமே இல்லை!

புது ட்ராப் வெச்சு, சுத்தி அடைச்சு, மறுபடி பூச்சு, மறுபடி தண்ணி. இந்தத் தடவை 48 மணி நேரம். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கோடு அசையலை. அப்புறம்தான் டைல்ஸ். தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பா, பளபளப்பு இல்லாத ரகம். தரைக்குப் பெரிய டைல்ஸ் அழகுதான், ஆனா வாட்டம் கொடுக்கறது கஷ்டம். தண்ணி தேங்கினா வழுக்கும். சின்னதுன்னா வாட்டமும் சரியா வரும், இடுக்கு ஜாஸ்திங்கிறதால காலுக்குப் பிடிப்பும் இருக்கும்.

பேனலே வேணாம்னு சொல்லிட்டியான்னு கேட்டீங்கன்னா, இல்லை. பாத்ரூம் சீலிங்குக்கு பேனல்தான் போட்டோம். மேல்வீட்டுக் குழாய் எதாவது சொட்டினா ஒரு பலகையைக் கழட்டிப் பார்க்கலாம். அங்கே அது நல்ல பொருள். வாடகை வீடு, உடைக்க ஓனர் விட மாட்டார், அடியில் இருக்கிற டைல்ஸ் கெட்டியா இருக்கு, தட்டினா பொந்துச் சத்தம் இல்லை, கீழ்வீட்டுல கசிவு இல்லைன்னா தாராளமா பேனல் போடுங்க. சிலிகானை மட்டும் வருஷா வருஷம் பாருங்க. ஓதம் காக்கிற சுவர்ல மட்டும் ஒட்டாதீங்க. அது நோயைப் போர்வை போட்டு மூடறது.

அம்மா வந்து அஞ்சு வாரம் ஆச்சு. கோவில்பட்டி வீட்டுல குளிச்ச தண்ணி நேரா வாழைக்குப் போகும். குளியல் தண்ணி எங்கே போகுதுன்னு அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. இங்கே வந்த முதல் நாளே, "தண்ணி எங்கய்யா போகுது?"ன்னு கேட்டாங்க. "இப்போதைக்கு குழாய்லதான்மா"ன்னேன்.

அந்தக் கைப்பிடி இருக்கே, ரெண்டு ஆள் தொங்கினாலும் தாங்கும். நானே தொங்கிப் பார்த்தேன். அம்மா அதுல ஈரத்துண்டையும் பாவாடையையும் காயப் போட்டிருக்காங்க. "பிடிச்சுக்கிட்டு எழுந்திருங்கம்மா"ன்னு தங்கமணி தினமும் சொல்றாங்க. "எனக்கென்னத்தா, நல்லாத்தானே இருக்கேன்"னு பதில் வருது. ஆனா நேத்து கதவு லேசா திறந்திருந்தப்போ பார்த்தேன். துண்டை ஓரமா நகர்த்திட்டு, கெட்டியா பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தாங்க. நான் பார்த்ததைச் சொல்லிக்கலை. ஊருக்கு எப்போ டிக்கெட்னு இன்னும் கேட்கலை, நானும் பேச்சை எடுக்கலை.

மாசி வீட்டு சீலிங்குக்குக் கம்பியைத் தேய்ச்சு, துரு தடுப்பு அடிச்சு, பூச வேண்டிய செலவு என்னுது. வேணாம்னாங்க, விடலை. இப்போ உடனே பூச முடியாதாம், உள்ளே ஊறின ஈரம் காயணும். தீபாவளி முடிஞ்சு பண்ணித் தர்றேன்னு காகா சொல்லியிருக்கார். அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை நான் கீழே போய் அண்ணாந்து பார்த்துட்டு வரேன். போகும்போதெல்லாம் அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்து விடறாங்க. ரஜாய்க்கு ஈடு ஆகாதுதான். மாசி டப்பாவைத் திருப்பித் தரும்போது அதுல தேப்லா வருது.